சட்டத்துக்குள் வந்தவன்

ஈப்போ நகரின் புந்தோங்கில் ஒரு மிதிவண்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சரளாவின் அலுவலகம். பதினெட்டுப் படி. கவலையோடு வருகிறவர்கள் அதை ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கி, சொல்ல வந்ததில் பாதியை மறந்துவிடுவார்கள். அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஏறி வந்த ரஜீவுக்கு மூச்சே வாங்கவில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

சுகுமாரனுக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஆனால் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் யாரையுமே சுகுமாரனுக்குப் பிடிக்காது. அதனால் அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு. ஆர்த்திகா. பன்னெண்டு நாளாக் காணோம்" என்றான் ரஜீவ்.

சரளா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் காவல்துறையில் சார்ஜனாக இருந்துவிட்டு வெளியே வந்து, காணாமல் போனவர்களைத் தேடித் தருவதையே தொழிலாக வைத்துக்கொண்டவள். நாற்பத்தெட்டு வயது. பேச்சு சிக்கனம். அவள் பேசாமல் விடுவதையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்குத்தான் சுகுமாரன் இருந்தான். ஒரு காலத்தில் ஹேன்போன் விற்றவன். இப்போது அவளுக்கு ஓட்டுநர், எழுத்தர், தேத்தண்ணீர் வாங்கி வருகிறவன், எல்லாமே.

"போலீஸ் பாலாய்ல ரிப்போட் பண்ணியாச்சா?"

"போனோம். 'என்னைத் தேட வேண்டாம், பத்திரமா இருக்கேன்'னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. தெனமும் மத்தியானம் ஒரு படம் போடுறா. இருபத்தாறு வயசுப் பொண்ணு, இதுல காணாமப் போனது எங்கன்னு கேக்குறாங்க."

"என்ன படம்?"

ரஜீவ் சலிப்போடு சொன்னான். 'செவன்த் ஷோர்' என்று ஒரு வீடியோ கேம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் இணையம் வழியாக ஒரே கடற்கரை நாட்டுக்குள் நுழைந்து வாள் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். ஆர்த்திகா அதில் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு கேமரா உண்டு. லென்ஸை மாற்றலாம், விளக்கு வைக்கலாம், எந்தப் பாறைமேலும் ஏறி நின்று படம் பிடிக்கலாம். அவள் அதை மட்டும்தான் செய்வாள். அப்படி எடுத்த படங்களை அச்சடித்து, இரண்டு மாதத்துக்கு முன் ஈப்போ பழைய நகரில் கண்காட்சியே வைத்திருக்கிறாள்.

"எனக்கு அதெல்லாம் புரியாது. கேம்னாலே தலைவலி. நான் அந்தப் பக்கமே போறதில்ல" என்றவன், உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "இதுதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த படம். இதுக்காகக் கொட்டுற மழையில நாப்பது நிமிஷம் நின்னா. அவ்வளவு பிடிவாதம்."

கடல் நடுவே ஒரு பாறை. அதன்மேல் இடிந்த மணிக்கூண்டு. சாயங்கால வெயில் பட்டு, காய்ந்த கல்படிகள் பொன்னாக மின்னின. ஆளில்லாத ஒரு படகு. கீழ் மூலையில், விரல் நகம் அளவுக்கு, விளக்கைப் பிடித்தபடி ஓர் உருவம். வாள் விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத சுகுமாரனுக்கே ஒரு கணம் அந்தப் படகில் ஏறி உட்காரவேண்டும்போல் இருந்தது.

"கம்பியூட்டர் மழையில நின்னா சளி புடிக்காதுலா. நல்ல வேலை" என்றான்.

ரஜீவ் சிரிக்கவில்லை. "எனக்குத் தகவல் வந்துக்கிட்டே இருக்கணும். எங்க போறீங்க, யாரப் பாக்குறீங்க, எல்லாம்" என்று தன் எண்ணைச் சுகுமாரனிடம் கொடுத்தான். எழுந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் சுகுமாரனுக்கு வெள்ளைச் சட்டைமேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. பாசக்கார மாப்பிள்ளை.

அவன் போனதும் சரளா சுகுமாரனின் கணினியில் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். முந்நூறு படத்துக்கு மேல் இருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "தலைகீழாத் திருப்பு" என்றாள்.

"எத?"

"கம்பியூட்டர."

"அலாமாக்! இதுக்கு வாரண்டி முடிஞ்சு போச்சு அக்கா."

திருப்பினான். கேட்டால் காரணம் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்காமலேயே சொன்னாள்.

"நேராப் பாத்தா கண்ணு முகத்துக்கும் கடலுக்கும் போயிரும். தலைகீழாப் பாத்தா எடுத்தவங்க பழக்கம் மட்டும் தெரியும். சொல்லு, பழைய படங்கள்ல ஆளு எங்க நிக்குறான்?"

"எங்கயோ மூலையில. பொட்டு மாதிரி. மிச்ச எடமெல்லாம் வானம், தண்ணி."

"கடைசிப் பன்னெண்டுல?"

சுகுமாரன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். "நட்டநடுவுல. நெஞ்சு வரைக்கும். தாடையக் கொஞ்சம் எறக்கி வச்சிருக்கான். ரெண்டு காதும் நல்லாத் தெரியுது..." அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாளோட லைசென்ஸ் எடுக்க வந்தவன் மாதிரி இருக்கான்கா!"

"நீ கிண்டலுக்குச் சொன்ன. அதுதான் உண்மை." சரளாவின் விரல் திரையைத் தொட்டது. "வெளிச்சத்தப் பாரு. எடது பக்கம் மேலேர்ந்து ஒண்ணு. தோளுக்குப் பின்னாடி சின்னதா ஒண்ணு, முடி பின்னாடி இருட்டோட ஒட்டாம இருக்க. பன்னெண்டு படத்துலயும் அதேதான். அந்தப் பொண்ணு படத்துக்குச் சட்டம் கட்டுற விதம் வேற, இது வேற. இது ஸ்டூடியோக்காரங்க கை."

"அப்ப அவ பேர்ல வேற யாரோ படம் போடுறாங்க." சொல்லி முடித்தபோதுதான் அடுத்த கேள்வி சுகுமாரனுக்கு உறைத்தது. "அப்ப அந்தப் பொண்ணு?"

சரளா மேசைமேல் கிடந்த மணிக்கூண்டுப் படத்தைப் புரட்டினாள். பின்பக்கம் அச்சடித்த கடையின் ஒட்டுத்தாள் இருந்தது. கலா ஸ்டூடியோ, சுங்கை சிப்புட்.

"வண்டிய எடு" என்றாள்.

*

சுகுமாரனின் பழைய கஞ்சில் காரில் குளிர்சாதனம் வேலை செய்யாது. மரம் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டு போனார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது அவன் ரஜீவுக்கு ஒரு வரி அனுப்பினான்: 'சுங்கை சிப்புட் போறோம் சார். ஒரு ஸ்டூடியோ.' உடனே பதில் வந்தது: 'நன்றி.'

கலா ஸ்டூடியோ ஒரு தையல் கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே நெரிந்துகொண்டு நின்றது. உள்ளே கலாதேவி, நாற்பது வயதிருக்கும், கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு யாருடைய கல்யாண ஆல்பத்துக்கோ பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"பாஸ்போர்ட் சைஸ் படம் வேணும். இவனுக்கு" என்றாள் சரளா.

"எனக்கா? எதுக்கு..." என்று ஆரம்பித்த சுகுமாரனின் காலைச் சரளாவின் செருப்பு மிதித்தது. முக்காலியில் போய் உட்கார்ந்தான்.

கலாதேவி விளக்கைப் போட்டாள். இடது பக்கம் மேலிருந்து ஒன்று. தோளுக்குப் பின்னால் சின்னதாக ஒன்று. அருகில் வந்து அவன் தாடையை இரண்டு விரலால் பிடித்து இறக்கினாள். "நேராப் பாருங்கண்ணே. முடிய ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும்."

சுகுமாரன் கண்ணை மட்டும் திருப்பிச் சரளாவைப் பார்த்தான். சரளா தன் கைப்பேசியை எடுத்துக் கலாதேவியின் முன்னால் நீட்டினாள். திரையில் அந்த வாள்வீரன், அதே வெளிச்சத்தில், அதே தாடையோடு.

"இவனுக்கும் நீங்கதான எடுத்தீங்க?"

கலாதேவியின் கையிலிருந்த கேமரா மெதுவாக இறங்கியது. கடை வாசலைப் பார்த்தாள். பிறகு சரளாவை. "யார் நீங்க?"

சரளா அடையாள அட்டையைக் காட்டினாள். "அந்தப் பொண்ணு உசுரோட இருக்காளா? எனக்கு அது மட்டும் மொதல்ல தெரியணும்."

"யாரு உங்கள அனுப்புனா?"

"அத அவகிட்டதான் சொல்வேன். நீ போன் பண்ணிக் கேளு. வேணாம்னு அவ சொன்னா, ஆளக் காணோம்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடுறேன்."

கலாதேவி பின்னறைக்குள் போனாள். சுகுமாரனுக்கு முக்காலியில் உட்காரவே முடியவில்லை. பின்னறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். சுவரில் மாட்டியிருந்த மணமக்கள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து வந்தாள். "வரச் சொல்றா. இந்த மாதிரி ஒரு ஆள்கிட்டதான் பேசணும்னு அவளே சொல்லிக்கிட்டிருந்தா. என் அப்பா அம்மா இருந்த வீடு, பழைய கித்தா தோட்டத்துல. வழி தெரியாது உங்களுக்கு, என் மோட்டார் சைக்கிள் பின்னாடியே வாங்க."

சுகுமாரனுக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. உயிரோடு இருக்கிறாள். கண் கலங்கிய அந்த மாப்பிள்ளையின் நினைவு வந்தது. வண்டியைக் கிளப்பும் முன் ஒரு செய்தி தட்டினான்: 'ஆள் கெடச்சாச்சு சார், நல்லா இருக்காங்க. போய்க்கிட்டிருக்கோம்.' கூடவே, தான் போகும் இடத்தை நகர நகரக் காட்டும் வரைபடத்தையும் அனுப்பினான். வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்த சரளா அதைப் பார்க்கவில்லை.

*

தோட்டத்தில் இப்போது கித்தா என்னும் ரப்பர் மரம் கிடையாது. செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் செம்பனை வரிசை. ஒரே பாதை, உள்ளே போவதும் வெளியே வருவதும் அதுதான். கடைசியில் தோட்டத்து எழுத்தருக்கான பழைய கிராணி வீடு, தூண்மேல் நின்ற பலகை வீடு, ஏழு படியோடு.

ஆர்த்திகா கதவைத் திறந்தாள். ஒல்லியான பெண். தூக்கமில்லாத கண். சுகுமாரனைப் பார்த்ததும் அரை அடி பின்வாங்கினாள். அவன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, தான் யாரையோ பயமுறுத்தும் ஆள் என்று உணர்ந்து, வாசலோரமாகவே உட்கார்ந்துகொண்டான்.

"மொதல்ல நீ சொல்லு. எதுக்கு ஓடி வந்த?" என்றாள் சரளா.

ஆர்த்திகா மேசைமேல் படங்களைப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். பனிப்பாலம், பாலத்தின் மறுகோடியில் ஓர் உருவம். கோதுமை வயல், தொலைவில் வேலியோரம் அதே உருவம். சாம்பல் நிற அங்கி, முகத்தை மறைத்த முக்காடு, கையில் விளக்கு. எந்தப் படத்திலும் அது வேறெங்கும் பார்க்கவில்லை. கேமராவைத்தான் பார்த்தது.

"கண்காட்சிக்காகப் பெருசாக்கினப்பதான் பாத்தேன். அந்த உலகத்துல எல்லாரும்தான் நடமாடுவாங்க, யாராவது படத்துக்குள்ள வர்றது சகஜம். ஆனா பதினோரு படத்துல ஒரே ஆள். எல்லாமே வேற வேற ஊர், வேற வேற நாள்." குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "பேர மாத்தினேன். மூணு தடவ புதுக் கணக்கு தொறந்தேன். ரெண்டே நாள்ல வந்து நிப்பான். நான் உள்ள நுழைஞ்ச ரெண்டு நிமிஷத்துல வெளக்கு தெரியும். அப்புறம் செய்தி வர ஆரம்பிச்சுது. 'இன்னைக்குப் பச்சைச் சுடிதார் நல்லா இருந்துச்சு.' அன்னைக்கு நான் நிஜமாவே பச்சதான் போட்டிருந்தேன்."

ஆர்த்திகா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"புதுப் பேர் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்ப வீட்டுக்குள்ள யாரோ. இல்ல, வீட்டு ஆளுக்குத் தெரிஞ்ச யாரோ. யாருன்னு தெரியாம யாரு மேலயும் பழி போட முடியுமா? அதனால யார்கிட்டயும் சொல்லல. கலாக்கா மட்டும்தான். வீட்ல பயப்படக்கூடாதுன்னு அவங்கதான் கடையில உக்காந்து, வேற யாரும் வர முடியாத தனி ஆட்டத்துல படம் எடுத்து என் பக்கத்துல போடுறாங்க."

"காதெல்லாம் தெளிவா வருது" என்றான் சுகுமாரன் வாசலிலிருந்து. கலாதேவி முறைத்தாள். ஆனால் ஆர்த்திகாவின் உதட்டில் ஒரு சின்ன அசைவு.

"அத விட்டுட மனசில்லையா? ஒரு கேம்தான?" என்று கேட்டாள் சரளா.

ஆர்த்திகா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "அந்தச் சூரியன யாரோ கணக்குப் போட்டுச் செஞ்சு வச்சிருக்காங்க. அந்தக் கல்லும் அப்படித்தான். ஆனா நான் எங்க நிக்கிறேன், எப்ப அமுக்குறேன், அது என்னோடது. எனக்குன்னு வேற எதுவும் அப்படி இல்ல." மணிக்கூண்டுப் படத்தைத் தொட்டாள். "இதுக்கு நாப்பது நிமிஷம் காத்திருந்தேன். பேய்மழை. அங்க மழைய நம்ம இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது, எல்லாருக்கும் ஒரே வானம். நின்னதும் சட்டுனு வெயில் வந்துச்சு, கல்லு காய்ஞ்சுது, ஒரே ஒரு தடவ அமுக்கினேன். அவன் அங்கயும் நின்னிருக்கான், பாருங்க."

சரளா படத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"மழை பேஞ்சத யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. படத்துல மழையே கெடையாதே, எதுக்குச் சொல்லணும்?"

"அங்க அப்ப யாரு யாரு இருந்தா?"

"நான். அவன்."

"ரஜீவ் கேம் விளையாடுவாரா?"

"ரஜீவா? அவருக்குக் கேம்னாலே..." ஆர்த்திகா நிறுத்தினாள். சரளாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குக் காலையில என் ஆபீஸ்ல உக்காந்து சொன்னாரு" என்றாள் சரளா. ஒவ்வொரு சொல்லையும் மேசைமேல் வைப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள். "கொட்டுற மழையில நாப்பது நிமிஷம் நின்னான்னு."

சுகுமாரனுக்குச் சட்டைப்பையிலிருந்த கைப்பேசி திடீரென்று கல்லாகக் கனத்தது. எடுத்துப் பார்த்தான். வரைபடத்தில் அவன் இருக்கும் நீலப்புள்ளி, கிராணி வீட்டின்மேல் ஆணி அடித்ததுபோல் நின்றது. கீழே, பத்து நிமிடத்துக்கு முன் வந்த செய்தி: 'நானும் பக்கத்துலதான் இருக்கேன். அவகிட்ட சொல்லாதீங்க.'

"அக்கா" என்றான். கைப்பேசியைத் திருப்பி அவளிடம் காட்டினான். "அக்கா... நான் லொக்கேஷன் அனுப்பிட்டேன்."

சரளா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கைப்பேசியை எடுத்துப் பழைய சக ஊழியர் ஒருவரை அழைத்து, இடத்தைச் சொல்லி, நாலே வார்த்தையில் பேசி வைத்தாள். "இருபது நிமிஷம் ஆகுமாம்."

"காட்டுப் பக்கமா ஓடிரலாம்" என்றாள் கலாதேவி.

"ஓடலாம். இன்னைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு? பின்தொடர்றது குத்தம்னு இப்பச் சட்டம் இருக்கு. ஆனா 'மழை பேஞ்சுதுன்னு சொன்னாரு சார்'னு கோர்ட்ல போயி நின்னா சிரிப்பாங்க. வேற ஏதாச்சும் வேணும்."

ஆர்த்திகாவுக்கு ஜனவரியில் கல்யாணம். மண்டபம் சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. பிறகு மேசைக்குப் போய்த் தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அண்ணே, உங்க போன்லேர்ந்து இதுக்கு லைன் குடுங்க" என்றாள் சுகுமாரனிடம். "நான் பழைய பேர்ல உள்ள நுழையுறேன். பன்னெண்டு நாளா நுழையல. என்னைத் தொடர்ற ஆளுக்கு உடனே போன்ல சத்தம் வரும், மூணு சொட்டு தண்ணி விழுற மாதிரி. அந்தக் கேம் விளையாடுற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்." கடவுச்சொல்லைத் தட்டினாள். "அடிக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன்."

சுகுமாரன் இணைப்பைக் கொடுத்தான். சிக்னல் ஒரே ஒரு கோடு. தூரத்தில், செம்மண் பாதையில், ஒரு காரின் சத்தம் கேட்டது.

*

ரஜீவ் வெள்ளைக் காரிலிருந்து இறங்கியபோது சரளா படியின் உச்சியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். நடுப்படியில் சுகுமாரன். ரஜீவின் கையில் மடித்த ஒரு கம்பளிச் சட்டை இருந்தது.

"அவளோடது. காருல குளிரும்னு கொண்டாந்தேன்" என்றான். "உள்ள இருக்காளா?"

"தூங்குறா. எழுப்பச் சொல்லியிருக்கேன். ரெண்டு நிமிஷம் இருங்க."

"நானே எழுப்புறேனே."

"பொம்பளப் புள்ள தூங்குற எடம் சார்" என்றான் சுகுமாரன். "மாப்பிள்ளைன்னாலும் தாலி கட்டுற வரைக்கும் நம்ம ஆம்பள ஜாதி வெளியிலதான். வெயில்ல நின்னா கறுத்துருவீங்க, இப்படி நெழலுக்கு வாங்க." வாய் தன் பாட்டுக்குப் பேசியது. உள்ளே விசைகளைத் தட்டும் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. ஒரு கோடு சிக்னல். அந்த ஒரு கோடும் போய்விட்டால்?

ரஜீவ் கடிகாரத்தைப் பார்த்தான். முதல் படியில் கால் வைத்தான். சுகுமாரன் எழவில்லை. இரண்டாம் படி.

"வழிய விடுங்க."

"முட்டி வலிலா சார். எந்திரிக்க நேரமாகும்."

ரஜீவ் குனிந்து அவன் தோளைப் பிடித்தான். பிடி இரும்பாக இருந்தது. அப்போதுதான் அது கேட்டது. வெள்ளைச் சட்டையின் பையிலிருந்து, மெல்லிசாக, தெளிவாக. டிங். டிங். டிங். பாத்திரத்தில் மூன்று சொட்டுத் தண்ணீர் விழுந்ததுபோல்.

ரஜீவின் மற்றொரு கை சட்டைப்பையை மூடியது.

"போன் அடிக்குது" என்றாள் சரளா.

"வாட்ஸப்" என்றான் ரஜீவ்.

"இல்ல." ஆர்த்திகா கதவில் நின்றாள். "அது நான். நான்தான் உள்ள நுழைஞ்சேன்."

ரஜீவின் கை சுகுமாரனின் தோளை விட்டது. ஒரு கணம் அவன் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் வெறுமையாக இருந்தது. பிறகு, சுகுமாரனுக்குப் பல நாள் மறக்காத விதத்தில், அது மலர்ந்தது.

"நீ பாத்துட்டியா? என்னைப் படத்துல பாத்துட்டியா?"

சரளாவின் மடியிலிருந்த கைப்பேசி அவன் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவேயில்லை. ஆர்த்திகாவைத் தவிர அங்கே அவனுக்கு வேறு எதுவும் இல்லை.

"எத்தனை படத்துல நின்னீங்கள்?" என்று கேட்டாள் அவள். அவர்கள் வீட்டில் பேசும் யாழ்ப்பாணத் தமிழ் தானாக வந்தது; அவன் பதிலும் அதிலேயே வந்தது.

"நாப்பத்தாறு."

அவள் கண்டுபிடித்தது பதினொன்று.

"சிலதுல ரொம்பத் தூரத்துல. சிலதுல மரத்துக்குப் பின்னால வெளக்கு மட்டும். நீ எங்க நிப்பாய், எதைப் பாப்பாய்னு எனக்குத் தெரியும். உனக்கு முன்னாலேயே போய் நிப்பேன். தனியா விட்டா உன்னை ஆர் பாக்கிறது? நான் பாத்துக்கொண்டுதான் இருந்தேன், அவ்வளவுதான். கண்காட்சியில அத்தனை பேர் அந்தப் படங்களைப் பாத்தார்கள். நானும் அதுக்குள்ள நின்றேன். நீ ஒரு தரமும் சொல்லேல்லை. அதுதான் எனக்கு வருத்தம்."

"அந்தச் செய்தியெல்லாம்?"

"உன்ர வடிவைச் சொல்லக்கூடாதா?"

அவன் மூன்றாம் படியில் ஏறினான். இப்போது சுகுமாரனுக்கு முட்டி வலி இல்லை. எழுந்து குறுக்கே நின்றான். ரஜீவ் அவனைத் தள்ளிய வேகத்தில் இரண்டு பேருமாகப் படியிலிருந்து உருண்டார்கள். சுகுமாரனின் முழங்கை கல்லில் மோதிக் கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. ஆனாலும் அந்த வெள்ளைச் சட்டையை அவன் விடவில்லை. இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்துக்கொண்டு செம்மண்ணில் கிடந்தான். கலாதேவி கேமரா நிற்க வைக்கும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதற்கு வேலை வருவதற்குள் செம்பனை வரிசைக்குள்ளிருந்து போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ரஜீவை ஏற்றிக்கொண்டு போனபோது அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். கம்பளிச் சட்டை படியிலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"அக்கா" என்றான் சுகுமாரன், முழங்கையைப் பிடித்தபடி. "ஆள நான்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"நாம ரெண்டு பேரும்தான்" என்றாள் சரளா. "கண்ணு கலங்குனத நானும்தான் நம்புனேன்." அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்து அவன் முழங்கையில் கட்டினாள். அவளிடமிருந்து அது பெரிய பேச்சு.

ஆர்த்திகா ஏழாம் படியில் உட்கார்ந்து வீட்டுக்கு அழைத்தாள். சிக்னலுக்காகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, ஸ்பீக்கரில் பேசவிட்டிருந்தாள். அவள் அப்பா தியாகராஜாவின் குரல் இரைச்சலுக்கு நடுவே உடைந்து உடைந்து வந்தது.

"பிள்ளை! எங்க இருக்கிறாய்? ரஜீவ் இப்பதான் சொன்னவன், உன்னைக் கண்டுபிடிச்சிட்டானாம், கூட்டிக்கொண்டு வாறானாம். தங்கமான பெடியன். பன்னெண்டு நாளா நித்திரை இல்லாமல் அலைஞ்சவன். அவன் பக்கத்தில இருக்கிறானே?"

ஆர்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். கீழே இருந்த மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள்.

"ஓம் அப்பா" என்றாள். "கண்டுபிடிச்சிட்டார். நீங்கள் முதல்ல இருங்கோ. அம்மாவையும் பக்கத்தில கூப்பிடுங்கோ."